பொருந்தாத உதிரி: பிழை யாருடையது? இரு சக்கர வாகன உதிரிச் சந்தை குறித்த ஓர் ஆய்வு

மோட்டார் சைக்கிளுக்கென்று வாங்கிய பிரேக் ஷூ டிரம்முக்குள் நுழைய மறுக்கிறது. கிளட்ச் கேபிள் இரண்டு விரற்கடை கூடுதலாக இருக்கிறது. சைலன்சரின் தாங்கித் துளை சட்டத்தின் துளைக்கு நேராக வரவில்லை. ஆனால் பொட்டலத்தின் மேல் வண்டியின் பெயர் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது. பிழை யாருடையது? உதிரி பாகங்கள் தனிச் சரக்காக விற்பனைக்கு வந்த காலத்திலிருந்தே கேட்கப்பட்டு வரும் கேள்வி இது. வண்டி நிறுவனங்கள் ஒரு விடை சொல்கின்றன. மெக்கானிக்குகள் வேறொன்று சொல்கிறார்கள். சட்டத்துக்கு ஒரு விடை, சந்தைப் போட்டியை ஆராய்வோருக்கு ஒரு விடை, அளவியல் அறிந்தவர்களுக்கு இன்னொரு விடை. அவை எங்கிருந்து பிறந்தன, எதை விளக்குகின்றன, எங்கே தடுக்கி நிற்கின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

கோவையிலிருந்து அவிநாசி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 544-இல் உள்ள கருமத்தம்பட்டி, இக்கேள்வியை நிறுத்திப் பார்க்கத் தோதான ஊர். 2021-இல் நகராட்சியான இவ்வூரும் பக்கத்துச் சோமனூரும் விசைத்தறிக்குப் பேர்போனவை. ஒரு பக்கம் கோவை, மறுபக்கம் திருப்பூர். இடையில் வேலைக்குப் போய்வருவோரின் பிழைப்பு நூறு சி.சி. வண்டிகளிலும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.களிலும் ஓடுகிறது. வண்டி ஒரு நாள் பட்டறையில் நின்றால் அன்றைய கூலி போனதுதான். ஆகவே பொருந்தாத உதிரியின் உண்மையான விலை, கடையில் கொடுத்த காசு மட்டுமில்லை. இரண்டாம் முறை கொடுக்கும் வேலைக்கூலியும், இழந்த நாளும் அதில் சேர்கின்றன. இதே வட்டாரம்தான் நாட்டுக்கே உதிரி செய்து அனுப்புகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ரோலான் செயின்களைச் செய்யும் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்டு பிரதர்ஸ், வண்டி மீட்டர்களைச் செய்யும் பிரிக்கால் இரண்டும் கோவை நிறுவனங்கள். செய்பவரும் வாங்குபவரும் ஒரே மண்ணில் இருக்கும்போது இக்கேள்வியை வெளியூர்ச் சரக்கின் மேல் பழிபோட்டு முடித்துவிட முடியாது.

எங்கே தவறுகிறது?

விடைகளுக்கு முன், பிழையின் இடங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான சண்டைகள் தரத்தைப் பற்றியவை என்று தோன்றினாலும், கணிசமானவை வண்டியின் பெயரில் தொடங்குகின்றன.

ஸ்ப்ளெண்டர் என்ற பெயர் 1994 முதல் சாலையில் இருக்கிறது. அதற்குள் வண்டி பலமுறை மாறிவிட்டது. 2019 ஏப்ரல் 1 முதல் 125 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகள் அனைத்துக்கும் கூட்டு பிரேக் கட்டாயமானது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானது. கூட்டு பிரேக் வந்தபோது ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸின் பின் டிரம் 110 மில்லிமீட்டரிலிருந்து 130 ஆனது. 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ்.-6 விதி வந்து கார்புரேட்டர் போய் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் நுழைந்தது. பொட்டலத்தில் ‘ஸ்ப்ளெண்டர்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது எந்த ஆண்டின் வண்டியைச் சொல்கிறது? புல்லட்டின் கதை இன்னும் சிக்கல். 1955-இல் சென்னையில் தொடங்கிய அந்த வண்டியின் வார்ப்பிரும்பு இன்ஜின் அரை நூற்றாண்டு தாண்டி ஓடியது. 2008-க்குப் பிறகு படிப்படியாக யு.சி.இ. இன்ஜின் வந்தது, 2023-இல் ஜே-வரிசை இன்ஜின் வந்தது. மூன்றும் ‘புல்லட் 350’ தான். ஜாவா, யெஸ்டி வண்டிகளைச் செய்த மைசூர் ஆலை 1996-இல் நின்றது; அவ்விரு பெயர்களும் 2018-இலும் 2022-இலும் வேறு நிறுவனத்தின் கையில் புதிய வண்டிகளாகப் பிறந்தன. பழையதற்கும் புதியதற்கும் பெயர்தான் உறவு.

அடுத்த இடம், பாதி மட்டும் சொல்லப்படும் அளவுகள். 428 செயினுக்கும் 420 செயினுக்கும் கண்ணிகளின் இடைவெளி ஒன்றே, 12.7 மி.மீ. அகலம் வேறு: முன்னதில் உள்ளகலம் ஏறக்குறைய 7.94, பின்னதில் 6.35. 428 செயின், 420-க்கென்று வெட்டிய மெல்லிய ஸ்பிராக்கெட்டில் உட்கார்ந்துவிடும், ஓடவும் ஓடும். பக்கவாட்டில் ஆடி ஆடிப் பல்லைத் தின்பது பிறகுதான் தெரியும். பழைய புல்லட்டுகளில் திருகுமரை பிரிட்டிஷ் வகை. கால் அங்குல, அங்குலத்துக்கு 26 மரையுள்ள துளையில் ஆறு மி.மீ. மெட்ரிக் போல்ட் சுற்றிக்கொண்டே போகும். ஏனென்றால் மரைகளின் இடைவெளி கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒன்று 0.977 மி.மீ., மற்றது 1 மி.மீ. விட்டத்தில் மட்டும் 0.35 மி.மீ. குறைவு. பிடித்தாற்போல் இருக்கும், இறுக்கும்போது மரை உரிந்து வரும். ஆங்கிலேயப் பொறியாளர் விட்வொர்த் திருகுமரைக்குப் பொது அளவு கேட்டது 1841-இல். அந்தக் கோரிக்கையின் மிச்சம் இன்னும் நம் பட்டறைகளில் தீரவில்லை.

மூன்றாவது இடம், பொருந்தியும் பொருந்தாத நிலை. முகப்பு விளக்கில் 35/35 வாட் ஹெச்.எஸ்.-1 பல்பு இருந்த இடத்தில் 60/55 வாட் ஹெச்-4 பல்பைச் சிறிது செதுக்கி மாட்டிவிடலாம். வெளிச்சம் கூடும், வயரிங்குக்கும் ஹோல்டருக்கும் தாங்காத சூடு ஏறும். பழைய வண்டிகள் பலவற்றில் முகப்பு விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வராமல் நேராக மேக்னட்டிலிருந்து மாறுமின்னோட்டமாக வரும். அங்கே மாட்டிய எல்.இ.டி. விளக்கு துடிக்கும். விளக்கு வண்டிக்குள் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. பொட்டலம் சொன்னது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

உட்காருதல், வேலை செய்தல், உழைத்தல் என்று பொருத்தத்துக்கு மூன்று படிகள் உண்டு. விளம்பரம் பேசுவது முதல் படியை. வாங்குபவர் எதிர்பார்ப்பது மூன்றையும். இவ்விடைவெளியைக் கணக்கில் எடுக்காத எந்த விடையும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

‘கம்பெனி ஸ்பேர் மட்டும் வாங்குங்கள்’

மிகப் பழைய விடை இதுவே. வண்டியை வடிவமைத்தவருக்கே அதன் அளவு தெரியும். ஆகவே அவர் பெட்டியில் வருவதையே வாங்க வேண்டும் என்பது இதன் சாரம். லாப நோக்கு என்று இதை ஒதுக்கிவிடுவோர் உண்டு. அது அவசரத் தீர்ப்பு. இவ்விடைக்குள் ஒரு வலுவான பொறியியல் உண்மை இருக்கிறது.

எந்தப் பாகமும் ஒரே அளவில் செய்யப்படுவதில்லை. இந்த எல்லைக்கும் அந்த எல்லைக்கும் இடையில் இருக்கலாம் என்ற அனுமதியோடு செய்யப்படுகிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 919 இந்த வரம்புகளை வகுத்துத் தருகிறது. 25 மி.மீ. துளைக்கு ஹெச்-7 என்ற தரம் கேட்டால், அது 25.000-க்குக் குறையவும் கூடாது, 25.021-ஐத் தாண்டவும் கூடாது. இப்போது ஒருவர் சந்தையில் கிடைத்த ஒரு மூலப் பாகத்தைக் கையில் வைத்து அளந்து, அதைப் போல் செய்கிறார் என்று கொள்வோம். அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு துண்டின் அளவு மட்டுமே. அது வரம்பின் மேல் விளிம்பில் பிறந்ததா, கீழ் விளிம்பில் பிறந்ததா, வரம்பு எவ்வளவு அகலமானது என்பதெல்லாம் அந்தத் துண்டில் எழுதியிருக்காது. அவர் தன் இயந்திரத்தின் பிழையையும் அதன் மேல் ஏற்றுகிறார். முடிவில், பத்து வண்டிகளில் சரியாக உட்காரும் பாகம் பதினோராவதில் இறுகும். அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. வரைபடம் இல்லாமல் செய்வதன் விளைவு இது. உலோகக் கலவையும் வெப்பப் பதமும் அப்படித்தான். அளவுகோலுக்கு அவை தெரியா.

இவ்விடையின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. வண்டி நிறுவனம் பெரும்பாலான உதிரிகளைத் தான் செய்வதில்லை. செயின், பிரேக் லைனிங், மீட்டர், பிஸ்டன் எல்லாம் வெளி ஆலைகளில் பிறக்கின்றன. அதே ஆலைகள் தங்கள் சொந்தப் பெயரிலும் சந்தையில் விற்கின்றன. அப்படியானால் ‘கம்பெனி ஸ்பேர்’, ‘வெளி ஸ்பேர்’ என்ற இரட்டைப் பிரிவு நிலைக்காது. இடையில் ஒரு பெரிய வர்க்கம், சில நேரம் அதே ஆலையின் சரக்காகவே, குறைந்த விலையில் நிற்கிறது.

நின்றுபோன வண்டிகளுக்கு இவ்விடை ஒன்றும் சொல்வதில்லை. யமஹா ஆர்.எக்ஸ். 100 இந்தியாவில் 1985-இல் வந்து 1996-இல் நின்றது. நின்று முப்பது ஆண்டுகள் ஆகப்போகிறது. கொங்கு நாட்டில் அதன் மதிப்பு ஏறிக்கொண்டேதான் போகிறது. அதன் உதிரிச் சந்தையில் பெரும்பகுதி இன்று வெளியாரால் செய்யப்படுவது. அந்த வண்டியை வைத்திருப்பவரிடம் மூலப் பாகம் மட்டும் வாங்கு என்பது, வண்டியை நிறுத்திவிடு என்பதற்குச் சமம்.

‘பட்டறையில் சரி செய்துகொள்ளலாம்’

இரண்டாவது விடையை யாரும் எழுதி வைக்கவில்லை. அது கைகளில் இருக்கிறது. எந்த ஸ்பேரும் அப்படியே உட்காராது. கொஞ்சம் அரம் போட வேண்டும், ஒரு வாஷர் கூடுதலாக வைக்க வேண்டும், லேத்தில் கொடுத்து ஒரு புஷ் போட வேண்டும். நல்ல மெக்கானிக்குக்குப் பொருந்தாத உதிரி என்று ஒன்றில்லை என்பது இதன் நம்பிக்கை.

இந்நம்பிக்கை கோவை வட்டாரத்தில் ஆழமாக வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியதிலிருந்து இவ்வூர் இறக்குமதி இயந்திரங்களோடு வாழப் பழகியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து நூற்பாலைகள் பெருகின. பல்சக்கரம் உடைந்தால் கடல் கடந்து புதியது வரும்வரை ஆலை காத்திருக்க முடியாது. உடைந்ததைப் பார்த்து இன்னொன்று வார்த்து, கடைந்து, மாட்டினார்கள். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் செய்துகாட்டியது இந்தப் பழக்கத்தின் உச்சம். பின்னாளில் பம்புசெட்டு, கிரைண்டர், விசைத்தறி எல்லாவற்றின் உதிரிகளும் இம்முறையில்தான் ஊர் ஊராகப் பெருகின. மாதிரியைப் பார்த்துச் செய்வது இங்கே திருட்டாகக் கருதப்பட்டதில்லை. தேவைக்குப் பிறந்த திறமையாகவே மதிக்கப்பட்டது. அந்த மதிப்பு நியாயமானது.

தறியில் செல்லுபடியான முறை வண்டியிலும் அப்படியே செல்லுமா என்பதில்தான் நிதானம் தேவை. தறி ஓடும் இடத்தில் அதைத் திருத்தத் தெரிந்தவர் பக்கத்திலேயே நிற்கிறார். சத்தம் மாறினால் நிறுத்துகிறார். வண்டி பட்டறையை விட்டுப் போய்விடுகிறது. நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது.

திருத்தங்களிலும் இரு வகை உண்டு. ஒன்று, வடிவமைப்பே இடம் கொடுத்த திருத்தம். ஆர்.எக்ஸ். 100-இன் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ. தேய்ந்தால் கால் மி.மீ., அரை மி.மீ. என்று படிப்படியாகப் பெரிய பிஸ்டன் கிடைக்கும். வந்த பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு வேண்டிய இடைவெளி விட்டு பிளாக்கை போர் செய்வார்கள். பிஸ்டனுக்கு ஏற்பச் சிலிண்டரைக் கடைவது முறையான தொழில்; அளந்து செய்யப்படுவது. மற்றொன்று, வடிவமைப்பு இடம் கொடுக்காத திருத்தம். பிரேக் ஷூவின் ஊன்று முனையை அரத்தால் தேய்ப்பது, டிஸ்க் பேட் நுழைவதற்காக அதன் பின்தகட்டைச் செதுக்குவது, அச்சு இடைவெளியைக் கைக்குக் கிடைத்த வாஷரால் நிரப்புவது. பார்வைக்கு இரண்டும் ஒரே கைவேலை. ஆபத்தில் பெரிய வேறுபாடு.

இந்த விடையின் இன்னொரு குறை அதிகம் பேசப்படுவதில்லை. அரம் பட்ட உதிரியைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். மெக்கானிக் தன் திறமையால் உற்பத்தியாளரின் பிழையை மூடிவிடுகிறார். பிழை செய்தவருக்குச் செய்தி போகவே இல்லை. அடுத்த ஆயிரம் துண்டுகளும் அதே அச்சிலிருந்து அதே பிழையோடு வருகின்றன. அதன் பிறகு ஏதேனும் நேர்ந்தால் பழி மெக்கானிக்கின் மேல். இலவசமாகச் செய்யப்படும் இத்திருத்த வேலைதான் மலிவு உதிரிச் சந்தையைத் தாங்கி நிற்கிறது என்று சொல்வது மிகையாகாது.

‘போலியை ஒழித்தால் போதும்’

தொழில் அமைப்புகளும் காவல் துறையும் விரும்பும் விடை இது. பெரிய நிறுவனத்தின் பெட்டியையும் முத்திரையையும் அச்சடித்து விற்பது குற்றம். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. அசல் என்று பொய்யாகச் சொல்லி விற்கப்படும் பொருளை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தனியாக வரையறுக்கிறது. ஆனால் போலியும் பொருந்தாமையும் ஒன்றல்ல. சொந்தப் பெயரும் முகவரியும் போட்டு நேர்மையாக விற்கப்படும் உதிரியும் பொருந்தாமல் போகலாம். போலிப் பெட்டியில் வந்தது கச்சிதமாக உட்காரவும் செய்யலாம். அந்த இரண்டாவது நிலைதான் அதிக ஆபத்தானது என்பது என் கருத்து. இவ்விடையை முன்வைப்போர் தரும் சந்தை மதிப்பீடுகள் பெரும்பாலும் அச்சந்தையில் பங்குள்ளவர்கள் கணக்கிட்டவை என்பதையும் மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தில் இக்கேள்விக்கு விடை இல்லை என்பது பரவலான எண்ணம். உண்மையில் விடை அதிகம், சிதறிக் கிடக்கிறது.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விவரித்து விற்ற பொருள் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. இன்ன வேலைக்கு என்று வாங்குபவர் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2020-இல் வந்த மின்வணிக விதிகள் இன்னும் நேரடியானவை: விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது. அதாவது, இணையத்தில் ‘உங்கள் வண்டிக்குப் பொருந்தும்’ என்று போட்டு விற்ற கேபிள் பொருந்தவில்லை என்றால், வாங்கியவரின் உரிமை தெளிவானது.

வர்த்தகக் குறிச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. 1999-ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் 30-ஆவது பிரிவு, தன் உதிரி இன்ன வண்டிக்கு ஏற்றது என்று தெரிவிக்க, நியாயமாகத் தேவைப்படும் அளவுக்கு, அந்த வண்டியின் பெயரைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. இது சரியான அனுமதி. இல்லையென்றால் சிறு உற்பத்தியாளர் தன் சரக்கை விற்கவே முடியாது. ஆனால் பெயரைப் போடும் உரிமை தந்த சட்டம், அப்பெயருக்குரிய எந்தெந்த ஆண்டு வண்டிகளில் அளந்து பார்த்தாய் என்று கேட்பதில்லை. அனுமதியோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய கடமை வரவில்லை. இந்த விவாதம் முழுவதிலும் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பின் பக்கமிருந்து வருகிறது. 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் நிறுவனத்தின் மூல வடிவமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9-இல் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182-ஏ பிரிவு, விதிக்கு ஒத்துவராத முக்கியப் பாதுகாப்பு உதிரியை விற்போருக்கு உதிரி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. பாதுகாப்பு உதிரிகளைச் சோதித்துச் சான்றளிக்க ஏ.ஐ.எஸ். 037 என்ற நடைமுறையும் இருக்கிறது. ஆனால் அச்சோதனை, உதிரி தன்னளவில் தரமானதா என்று பார்க்கிறது. ஒரு கண்ணாடி நன்றாகப் பிரதிபலிக்கிறது, உடையவில்லை என்றால் தேர்ச்சி. அது இன்ன வண்டியின் ஹேண்டில் மரையில் ஏறுமா என்பது அந்தச் சோதனையின் கேள்வி இல்லை.

இத்தனை இருந்தும் வாங்குபவர் வழக்குக்குப் போவதில்லை. காரணம் எளிது. சில நூறு ரூபாய் உதிரிக்கு யாரும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் படியேறி நாள்களை இழக்கத் துணிவதில்லை. ரசீதும் இருப்பதில்லை. மோட்டார் சைக்கிள் உதிரிகளுக்கு 2025 செப்டம்பர் 21 வரை சரக்கு-சேவை வரி 28 விழுக்காடு. ‘பில்லோடு ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை’ என்ற பேரம் அந்த வரியின் நிழலில் வளர்ந்தது. இப்போது வரி 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழக்கம் எவ்வளவு குறைந்தது என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

‘கதவைத் திறந்துவிடுங்கள்’

அளவுகளை நிறுவனங்கள் பூட்டி வைப்பதே நோயின் வேர் என்பது அடுத்த விடை. இது பிரிட்டனில் ஒரு சைலன்சர் குழாய் வழக்கில் உருவம் பெற்றது. பிரிட்டிஷ் லேலண்ட் காருக்கான புகைக்குழாயை ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் பார்த்துச் செய்து விற்றது. 1986-இல் பிரபுக்கள் அவை, தன் காரைப் பழுது பார்த்துக்கொள்ளும் உரிமை உரிமையாளருக்கு உண்டு, பதிப்புரிமையைக் காட்டி உதிரிச் சந்தையை அடைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பிற்காலத் தீர்ப்புகள் அதன் எல்லையைக் குறுக்கின என்றாலும் கருத்து நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் 1975-இன் மேக்னசன்-மாஸ் சட்டம், எங்கள் உதிரியையே வாங்கினால்தான் உத்தரவாதம் என்று கட்டிப்போடுவதைப் பொதுவாகத் தடுத்தது.

இந்தியாவில் 2014 ஆகஸ்ட் 25-இல் போட்டி ஆணையம் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிகளும் பழுதுபார்க்கும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க வேண்டும், வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காகவே உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. மேல்முறையீடுகள் அதை நீண்ட பயணத்துக்கு இழுத்துச் சென்றன. 2022 டிசம்பர் 24-இல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளத்தைத் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் ஒரு பிரிவு.

இவ்விடை நியாயமானது. ஆனால் போதாது. 2014 ஆணை கார்களைப் பற்றியது. கருமத்தம்பட்டியில் ஓடும் வண்டிகளில் மிகப் பெரும்பகுதியை அது தொடவில்லை. கதவு திறந்தால் சரக்கு வரும். சரியான அளவும் கூடவே வரும் என்று உறுதியில்லை. விலை, கிடைக்கும் தன்மை, தேர்வு ஆகிய மூன்றையும் பேசும் போட்டிச் சட்டத்துக்கு மில்லிமீட்டர் ஒரு பொருட்டில்லை.

சண்டையே இல்லாத உதிரிகள்

மேற்கண்ட விடைகளில் எதற்கு அதிக வலு என்று சோதிக்க ஒரு வழி உண்டு. எந்த உதிரிகளில் இச்சண்டை அரிது என்று பார்ப்பது.

சக்கர பேரிங் அவற்றில் முதன்மையானது. 6301 என்ற எண்ணைச் சொன்னால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மி.மீ. எந்த நாட்டில், எந்த ஆலையில் பிறந்தாலும் இதே அளவு. தரம் வேறுபடலாம், சீக்கிரம் சத்தம் போடலாம், உள்ளே போகாமல் நிற்காது. டயரும் அப்படியே, 2.75-18 என்றால் எல்லாருக்கும் ஒன்றே. ஸ்பார்க் பிளக்கின் மரை அளவு, நீளம், வெப்ப நிலை மூன்றும் எண்ணிலேயே இருக்கின்றன. எண்ணைப் பார்க்காமல் நீளமான பிளக்கைக் குட்டை மரையில் ஏற்றினால் பிஸ்டனில் இடிக்கும். ஆனால் எண்ணைப் பார்த்தால் அப்பிழைக்கு வாய்ப்பில்லை.

இவற்றின் பக்கத்தில் பிரேக் ஷூ, கேபிள், லீவர், கிளட்ச் பிளேட், மட்கார்டு, சைலன்சர், டேங்க் ஆகியவற்றை வைத்துப் பாருங்கள். சண்டைகள் குவிவது இங்கேதான். இரு பட்டியல்களிலும் கெட்டிக்கார ஆலைகளும் உண்டு, கவனமில்லாத ஆலைகளும் உண்டு. போலிகள் இரண்டிலும் நடமாடுகின்றன. வேறுபாடு ஒன்றுதான்: முதல் பட்டியலில் அளவு பொதுச் சொத்து. இரண்டாவதில் அது வண்டி நிறுவனத்தின் தனி அறிவு, மற்றவர்கள் ஊகிக்கிறார்கள். பொருத்தம் குறித்த பூசலை ஆலையின் தரத்தைவிட அளவின் வெளிப்படைத்தன்மையே அதிகம் தீர்மானிக்கிறது என்று இதிலிருந்து கருத இடமுண்டு.

எல்லா உதிரிக்கும் பேரிங் போல் உலக அளவு வகுப்பது நடக்காத காரியம். மட்கார்டின் வளைவு வண்டியின் அழகைச் சேர்ந்தது. ஆனால் எல்லா அளவையும் பொதுவாக்கத் தேவையில்லை. இணையும் இடத்தின் அளவு போதும்: ஷூவின் விட்டமும் அகலமும் ஊன்று முனையின் வளைவும், கேபிளின் உள்நீளமும் உறைநீளமும், தாங்கித் துளைகளின் இடைவெளி. இவை பொட்டலத்தின் மேல் இருந்தால் கடைக்காரர் பழைய பாகத்தை வைத்து அங்கேயே அளந்து பார்த்துவிடலாம். இதற்குப் புதுச் சட்டம் கூடத் தேவைப்படாமல் போகலாம். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொதிப்பொருள் விதிகள், அளவு முக்கியமான சரக்கென்றால் அதன் அளவைப் பொதியில் குறிக்க வேண்டும் என்று ஏற்கெனவே சொல்கின்றன. பிரேக் ஷூவைவிட அளவு முக்கியமான சரக்கு எது?

தீராத கேள்விகள்

சில இடங்களில் உறுதியாகப் பேச இன்னும் ஆதாரம் போதவில்லை. பொருந்தாமல் திரும்பும் உதிரிகளில் எத்தனை அளவுப் பிழையால், எத்தனை தவறான வண்டி அடையாளத்தால் என்பதற்குப் பொதுக் கணக்கு தேவை. மெக்கானிக்குகளின் கைத்திருத்தம் இக்கணக்கை மறைப்பதால் அதைக் கடைத் திருப்பல்களிலிருந்து மட்டும் எடுக்க முடியாது.

இணையும் அளவுகளை வெளியிடச் சொன்னால் வண்டி நிறுவனங்கள் அறிவுசார் உரிமையைக் காட்டும். வடிவமைப்புச் சட்டம் அழகு சார்ந்த வடிவத்தைக் காக்கிறது. வெறும் செயல்பாட்டுக்கான அமைப்பைக் காப்பதில்லை. அந்தக் கோடு ஒவ்வோர் உதிரியிலும் எங்கே விழும் என்பது நீதிமன்றங்களில் தீர வேண்டியது. சிறு ஆலைகளின் திறனும் கேள்விக்குரியதே. அச்சையும் அளவுமானியையும் அடிக்கடி சரிபார்க்கச் செலவாகும். கோவையில் சிட்டார்க் போன்ற சோதனை மையங்கள் இருப்பது வாய்ப்பு. நான்கு பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறை அதை எட்டும் கட்டணத்தில் பயன்படுத்த முடிந்தால்தான் அது உதவி.

மின்சார வண்டிகள் புதிய சிக்கலைக் கொண்டுவருகின்றன. அங்கே பேட்டரியோ கன்ட்ரோலரோ அளவில் கச்சிதமாக உட்கார்ந்தாலும், வண்டியின் மென்பொருள் அதை ஏற்க மறுக்கலாம். அளவுகோலால் கண்டுபிடிக்க முடியாத பொருந்தாமை அது. ஆம்பியர் போன்ற மின்சார ஸ்கூட்டர் நிறுவனம் பிறந்த கோவையில் இதைப் பற்றிய பேச்சு இன்னும் உரக்க எழவில்லை.

இவை தீரக் காலமாகலாம். பிரேக் சம்பந்தப்பட்ட உதிரிகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் எடையளவு விதிகளைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை. பிரேக் ஷூ, டிஸ்க் பேட், பிரேக் கேபிள் ஆகிய மூன்றின் பொதிகளிலும் இணையும் அளவும், வண்டியின் ஆண்டு வரம்பும் இருக்கின்றனவா என்று அத்துறை கடைகளில் பார்க்கத் தொடங்க வேண்டும். வாங்குபவர்கள் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய், வண்டியின் ஆண்டைச் சொல்லி, ரசீது கேட்டு வாங்க வேண்டும். மெக்கானிக்குகள் பொருந்தாத பிரேக் உதிரியில் அரம் வைக்காமல் அப்படியே கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கடை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.